உள்ளே இருப்பவர் எப்போது வெளியே வருவார்? விடுதலைத் தேதியைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

மலேசியாவில், ஐ.சி (அடையாள அட்டை) நம்பரைத் தட்டினால் கணவரின் விடுதலைத் தேதி வந்து விழும் அகப்பக்கம் எதுவும் பொதுமக்களுக்குக் கிடையாது. சில வெளிநாடுகளில் உண்டு, யூடியூப்பில் பார்த்திருப்பீர்கள், இங்கே அப்படித் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இங்கே அந்தத் தேதி கோர்ட்டில் கொஞ்சம், சிறையின் பதிவுப் பிரிவில் கொஞ்சம், உள்ளே இருப்பவரின் வாயில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. அதைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டியது வீட்டில் இருப்பவர்கள்தான். கோலாலம்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வியோடு வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். பெரும்பாலும் மனைவிமார், சில சமயம் அம்மாக்கள், எப்போதாவது காஜாங் பெண்கள் சிறையில் மனைவி இருக்கும் ஒரு கணவர். கீழே "கணவர்" என்றே எழுதுகிறேன், மனைவி உள்ளே இருந்தாலும் வழி இதேதான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். "எப்போது வருவார்" என்ற கேள்விக்கு முன்னால் "எந்தச் சட்டத்தில் உள்ளே இருக்கிறார்" என்ற கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் தெரியாமல் சிறை வாசலில் போய் நின்றால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

அவர் எந்த வகைக் காவலில் இருக்கிறார்?

பிடித்து ஓரிரண்டு நாள்தான் ஆகிறது, இன்னும் போலீஸ் லாக்கப்பில் இருக்கிறார் என்றால் அது விசாரணை ரிமாண்ட். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவுப்படி 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால் முதலில் அதிகபட்சம் 4 நாள், அப்புறம் இன்னொரு 3 நாள். அதற்குமேல் தண்டனை உள்ள குற்றம் என்றால் 7 நாள், அப்புறம் 7 நாள். ஆகவே ஒரு கேசுக்கு உச்சம் 14 நாள். ஆனால் ஒரு பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், ரிமாண்ட் முடிந்ததும் வேறு பாலாய் ரிப்போர்ட்டில் திரும்பவும் பிடிப்பது நடக்கிறது, அதைச் சங்கிலி ரிமாண்ட் என்பார்கள். அதனால் விசாரணை அதிகாரியிடம், அதாவது ஐ.ஓ-விடம், இரண்டு கேள்வி கேளுங்கள்: ரிமாண்ட் எந்தத் தேதியோடு முடிகிறது, வேறு ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா. அவர் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரிமாண்ட் விசாரணைக்கே இலவச வழக்கறிஞர் வர முடியும், தேசிய சட்ட உதவி அறவாரியம், ஒய்.பி.ஜி.கே என்று கேட்டால் கோர்ட்டிலேயே தெரியும்.

குற்றம் சாட்டியாகிவிட்டது, ஜாமீன் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் பணம் கட்ட முடியவில்லை, சுங்கை பூலோவிலோ பினாங்கு ரிமாண்ட் சிறையிலோ வைத்திருக்கிறார்கள் என்றால் அவருக்கு விடுதலைத் தேதி என்று ஒன்று இல்லவே இல்லை. இருப்பது அடுத்த கோர்ட் தேதி மட்டும். அது செபுத்தானா, அதாவது வழக்கைக் கூப்பிட்டுத் தேதி மாற்றும் நாளா, இல்லை சாட்சிகள் வரும் விசாரணை நாளா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செபுத்தானுக்கெல்லாம் "இன்றைக்கு வந்துவிடுவார்" என்று வீட்டில் சமைத்து வைத்துக் காத்திருக்காதீர்கள். ஜாமீன் தொகை கட்ட முடியாத அளவு அதிகம் என்றால் அதைக் குறைக்கச் சொல்லி உயர்நீதிமன்றத்தில் மனு போடலாம். பல குடும்பங்களுக்கு இது தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

சொஸ்மா, அதாவது பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்பு நடவடிக்கைச் சட்டம், என்று சொன்னால் கதை வேறு. அதில் போலீசே 28 நாள் வரை வைத்திருக்க முடியும், குற்றம் சாட்டிய பிறகும் பெரும்பாலானவர்களுக்கு ஜாமீன் கிடையாது, வழக்கு முடியும்வரை உள்ளேதான். பொக்கா, அதாவது குற்றத் தடுப்புச் சட்டம், என்றால் முதலில் 21 நாள், அப்புறம் 38 நாள், அதற்குப் பிறகு குற்றத் தடுப்பு வாரியம் முடிவு செய்யும். தடுப்புக்காவல் உத்தரவு என்றால் 2 ஆண்டு வரை, அதை நீட்டிக்கவும் முடியும். கட்டுப்பாட்டு உத்தரவு என்றால் வெளியே விட்டு, காலில் கருவி மாட்டி, ஒரு குறிப்பிட்ட ஊரில் இருக்கச் சொல்வார்கள், அது 5 ஆண்டு வரை போகலாம். போதைப்பொருளுக்கு 1985-ஆம் ஆண்டுச் சிறப்புத் தடுப்புச் சட்டம் இருக்கிறது: 60 நாள், பிறகு 2 ஆண்டுவரை உத்தரவு. இவற்றிலெல்லாம் கீழே வரும் மூன்றில் ஒரு பங்கு கழிவுக் கணக்கைப் போடாதீர்கள். உத்தரவின் நகல் கைக்கு வர வேண்டும், அதில் உள்ள தேதிதான் பேசும், அதை எதிர்க்க வழக்கறிஞர் வேண்டும்.

இன்னொரு குழப்பம், சிறுநீர் சோதனையில் மாட்டியவர்கள். சிலர் கோர்ட்டில் தண்டனை வாங்கிச் சிறைக்குப் போகிறார்கள், சிலர் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மறுவாழ்வு மையத்துக்குப் போகிறார்கள். பின்னது சிறைத்துறை இல்லை, ஏ.ஏ.டி.கே எனப்படும் தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம். காஜாங் கவுன்டரில் போய்க் கேட்டால் "அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை" என்பார்கள், நீங்கள் பதறிவிடுவீர்கள். மாவட்ட ஏ.ஏ.டி.கே அலுவலகத்தில் கேளுங்கள். மையத்தில் 2 ஆண்டு வரை, வெளியே வந்த பிறகும் கண்காணிப்பு உண்டு.

சரி, தண்டனை கொடுத்தாகிவிட்டது என்றால் இனிமேல் உள்ளதெல்லாம் உங்களுக்கு.

கோர்ட்டிலிருந்து எடுக்க வேண்டியது

சிறைக்கு அனுப்பும்போது கோர்ட் ஒரு வாரண்ட் கொடுக்கிறது. சிறைக்காரர்கள் அந்தத் தாளை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள், நீதிபதி வாயால் சொன்னதை வைத்தோ நீங்கள் கோர்ட்டில் அழுதுகொண்டே கேட்டதை வைத்தோ இல்லை. எனவே அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கறிஞர் இருந்தால் அவரிடம் கேளுங்கள், "எத்தனை வருஷம்" என்பதோடு விடாமல் இதையெல்லாம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: வழக்கு எண், எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் எத்தனை மாதம், எந்தத் தேதியிலிருந்து, ஒரே சமயத்திலா ஒன்றன்பின் ஒன்றா, அபராதம் எவ்வளவு, கட்டாவிட்டால் எத்தனை மாதம்.

வழக்கறிஞர் இல்லையென்றால் தண்டனை கொடுத்த கோர்ட்டின் பதிவகத்துக்குப் போக வேண்டும். கோலாலம்பூர் என்றால் ஜாலான் டூத்தா வளாகம். பினாங்கில் தீவு என்றால் லைட் ஸ்ட்ரீட், பெருநிலம் என்றால் பட்டர்வொர்த்தோ புக்கிட் மெர்தாஜமோ, எங்கே வழக்கு நடந்ததோ அங்கே. வழக்கு எண் தெரியாவிட்டாலும் அவர் முழுப்பெயர், ஐ.சி நம்பர், தண்டனை கொடுத்த தேதி மூன்றும் சரியாகச் சொன்னால் கிளார்க்குகள் தேடி எடுத்துவிடுவார்கள். நம் பெயர்களில் "அ/லெ", "அ/பெ" (இன்னாரின் மகன், மகள்) சிக்கல் உண்டு, அப்பா பெயரின் எழுத்துக்கூட்டு ஓர் எழுத்து மாறினாலும் கணினி இல்லை என்று சொல்லிவிடும். ஐ.சி நகலை கையில் வைத்துக்கொண்டு போங்கள், வாயால் சொல்லி எழுதச் சொல்லாதீர்கள்.

கணக்கு போடுவது எப்படி

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், சண்டை, ஏமாற்றம், நம்பிக்கை எல்லாமே இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

முதல் கேள்வி, எந்தத் தேதியிலிருந்து. கோர்ட் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் தண்டனை கொடுத்த நாளிலிருந்துதான் தொடங்கும். "பிடிபட்ட தேதியிலிருந்து" என்று நீதிபதி உத்தரவிட்டால் ரிமாண்டில் இருந்த காலமும் சேரும். இது தானாக நடப்பதில்லை, யாராவது கேட்க வேண்டும், நீதிபதி ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் 2024 ஜூன் 10-இல் பிடிபட்டு, ஆறு மாதம் ரிமாண்டில் இருந்து, டிசம்பர் 10-இல் 3 ஆண்டுத் தண்டனை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிடிபட்ட தேதியிலிருந்து என்றால் முழுத் தண்டனை 2027 ஜூன் 9-இல் முடியும். தண்டனைத் தேதியிலிருந்து என்றால் 2027 டிசம்பர் 9. ஒரே வரி, ஆறு மாத வித்தியாசம். அவர் தரப்பு இதைக் கேட்கவே இல்லை என்று தெரிந்தால் உடனே வழக்கறிஞரைப் பாருங்கள், மேல்முறையீட்டு நோட்டீசைத் தாக்கல் செய்ய 14 நாள்தான் இருக்கிறது.

இரண்டாவது, நன்னடத்தைக் கழிவு. நம்மவர்கள் "ரெமிசி" என்பார்கள், சிலர் "மூணுல ஒண்ணு கட்" என்பார்கள். 2000-ஆம் ஆண்டுச் சிறை விதிமுறைகளின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படுகிறது, ஒழுங்காக இருந்தால். மேலே சொன்னவருக்கு 36 மாதத்தில் 12 மாதம் போனால் 24 மாதம். பிடிபட்ட தேதிக் கணக்கில் 2026 ஜூன் 9, தண்டனைத் தேதிக் கணக்கில் 2026 டிசம்பர் 9. சிறைக்காரர்கள் நாள்கணக்கில் போடுவார்கள், ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே இருக்கலாம்.

இப்படி இரண்டு தேதி வருகிறது அல்லவா, சிறையில் இதற்கு இ.டி.ஆர், எல்.டி.ஆர் என்று பெயர். இ.டி.ஆர் என்றால் மிக முந்திய விடுதலைத் தேதி, கழிவு முழுதும் கிடைத்தால். எல்.டி.ஆர் என்றால் மிகப் பிந்திய தேதி, கழிவு எதுவுமே இல்லாமல் முழுத் தண்டனையும் அனுபவித்தால். அதிகாரி இந்த இரண்டு எழுத்துச் சேர்க்கையில் எதைச் சொன்னாலும் இன்னொன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் சொல்வதற்கு இ.டி.ஆர் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். "இந்த வருஷக் கடைசிக்குள்ள" என்று சொன்னால் போதும். தீபாவளிக்கு அப்பா வந்துவிடுவார் என்று தேதி குறித்துச் சொல்லிவிட்டு, கழிவில் இரண்டு மாதம் பறிபோனால், அந்தக் குழந்தையின் முகத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஒன்றுக்குமேல் குற்றச்சாட்டு இருந்தால். ஒன்றுக்கு 2 ஆண்டு, இன்னொன்றுக்கு 3 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரே சமயத்தில், மலாயில் செரெந்தாக், என்றால் மொத்தம் 3 ஆண்டுதான், கழிவு போக 24 மாதம். ஒன்றன்பின் ஒன்று, பெர்தூருட்-தூருட், என்றால் 5 ஆண்டு, கழிவு போக 40 மாதம். கோர்ட்டில் அந்த மலாய்ச் சொல் காதில் விழாமல் போனதால் வீட்டில் 16 மாதம் தப்பாகக் கணக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, அபராதம். தண்டனையோடு 5,000 ரிங்கிட் அபராதம், கட்டாவிட்டால் இத்தனை மாதம் என்று இருந்தால் அந்த மாதங்கள் தனியாகக் கடைசியில் சேரும். நாடே அறிந்த உதாரணம் இருக்கிறது: முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் 2022 ஆகஸ்ட் 23-இல் காஜாங் சிறைக்குப் போனார். மன்னிப்பு வாரியம் 12 ஆண்டை 6 ஆண்டாகவும் 21 கோடி ரிங்கிட் அபராதத்தை 5 கோடியாகவும் குறைத்தது. 2024 பிப்ரவரியில் வந்த அறிக்கையில், விடுதலை 2028 ஆகஸ்ட் 23 என்றும், அபராதத்தைக் கட்டாவிட்டால் ஓராண்டு கூடி 2029 ஆகஸ்ட் 23 என்றும் சொன்னார்கள். நம் வீட்டுக் கணக்கில் கோடி இருக்காது, ஆனால் கணக்கு அதே மாதிரிதான். நல்ல செய்தி என்னவென்றால் அபராதத்தை மொத்தமாகக் கட்ட முடியாவிட்டாலும் ஒரு பகுதியைக் கட்டினால் அந்த விகிதத்தில் மாதங்கள் குறையும், அபராதத்துக்காக உள்ளே இருக்கும் காலத்தில் மிச்சத்தைக் கட்டினாலும் அதோடு முடிந்துவிடும். சீட்டுப் பணம் வருவதற்கு முன்பே சிறைப் பதிவுப் பிரிவில் "இன்றைய தேதிக்கு எவ்வளவு கட்டினால் எத்தனை நாள் குறையும்" என்று கேட்டு வையுங்கள். கட்டினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், ஒரு நகலையாவது சிறையில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள்.

ஆயுள் தண்டனை பற்றி ஒரு வார்த்தை. சட்டப்படி அது 30 ஆண்டு. சாகும்வரை சிறை என்று முன்பு இருந்ததை 2023 ஜூலை 4-இல் நடப்புக்கு வந்த சட்டம் நீக்கிவிட்டது, அதற்குப் பதில் 30 முதல் 40 ஆண்டு. முன்பே அப்படித் தண்டிக்கப்பட்டவர்கள் கூட்டரசு நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்க அதே ஆண்டு செப்டம்பரில் தனிச் சட்டம் வந்தது. பழைய வழக்கு என்றால் அந்த மறுஆய்வு நடந்ததா, முடிவு என்ன என்று வழக்கறிஞரிடம் கேட்காமல் எந்தத் தேதியையும் நம்பாதீர்கள்.

இன்னும் ஒன்று. அரசுத் தரப்பும் மேல்முறையீடு செய்யலாம், தண்டனை போதாது என்று. முதல் 14 நாள் கடக்கும்வரை நீங்கள் போட்ட கணக்கைப் பென்சிலில் எழுதியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சிறையில் கேட்பது

கணக்குப் போட்டாயிற்று, இப்போது அதைச் சிறையோடு ஒப்பிட வேண்டும். மிகச் சுலபமான வழி அவரிடமே கேட்பது. உள்ளே இருப்பவர்களுக்குத் தங்கள் தேதி தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் வார்டரிடம் கேட்டுச் சொல்ல முடியும். முதல் சந்திப்பில் அழுகையும் குடும்பக் கதையுமாக நேரம் ஓடிவிடும், அதனால் கேள்வியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: இ.டி.ஆர் என்ன, எல்.டி.ஆர் என்ன, உங்கள் பதிவு எண் என்ன, வேறு கேஸ் நிலுவையில் இருக்கிறதா. பதிவு எண் முக்கியம், அது இருந்தால் மற்ற எல்லா இடத்திலும் வேலை பாதியாகக் குறையும்.

சந்திப்புக்குச் சிறைத்துறையின் ஐ-விசிட் முறையில் முன்பதிவு செய்ய வேண்டும், வீடியோ சந்திப்பும் அதில் உண்டு. சிறைகள் கைதிகளை ஊர் மாற்றும், குடும்பத்துக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்க மாட்டார்கள். பினாங்கு ரிமாண்ட் சிறையில் இருந்தவர் தண்டனைக்குப் பிறகு ஜாவியில் உள்ள செபெராங் பிறை சிறைக்கோ தைப்பிங்குக்கோ போயிருக்கலாம், சுங்கை பூலோவில் இருந்தவர் காஜாங்குக்குப் போயிருக்கலாம். கிளம்பும் முன் போன் செய்து அவர் அங்கேதான் இருக்கிறாரா என்று உறுதி செய்யுங்கள்.

கவுன்டருக்குப் போகிறீர்கள் என்றால் உங்கள் ஐ.சி, திருமணச் சான்றிதழ், அவர் ஐ.சி நகல், வழக்கு எண் எழுதிய தாள். இதில் திருமணச் சான்றிதழ் நம் சமூகத்தில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டு, பத்து வருஷம் குடும்பம் நடத்தி, இரண்டு பிள்ளையும் பெற்றிருப்பார்கள், ஆனால் பதிவு செய்திருக்க மாட்டார்கள். 1982 மார்ச் முதல் நடப்பில் உள்ள திருமணச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். தாளில் நீங்கள் மனைவி இல்லையென்றால் கவுன்டரிலும் மனைவி இல்லை. அந்த நிலையில் சண்டை போடாமல் அவருடைய அம்மாவையோ அண்ணன் தம்பியையோ கூட அழைத்துப் போங்கள், பிறப்புச் சான்றிதழைக் காட்டி அவர்கள் கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்றால் இது ஒரு நல்ல சாக்கு.

அங்கே மலாயில் இப்படிக் கேட்டால் போதும்: "துவான், சாயா நாக் தாஞா தாரிக் பெபாஸ் சுவாமி சாயா, இ.டி.ஆர் டான் எல்.டி.ஆர்." ஐயா, என் கணவரின் விடுதலைத் தேதியைக் கேட்க வந்தேன் என்று அர்த்தம். குரலை உயர்த்த வேண்டாம், காரணம் விளக்கவும் வேண்டாம். போனில் தேதி சொல்லத் தயங்குவார்கள், யார் பேசுகிறார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். வாய்மொழியாகக் கிடைக்கவில்லையென்றால் கடிதம் எழுதுங்கள். சிறை இயக்குநருக்கு, மலாயில், "பெர்மொஹோனான் மக்லுமாட் தாரிக் பெபாஸ்" (விடுதலைத் தேதித் தகவல் கோரும் விண்ணப்பம்) என்று தலைப்புப் போட்டு, அவர் பெயர், ஐ.சி, பதிவு எண், வழக்கு எண், உங்களுக்கும் அவருக்கும் என்ன உறவு, எதற்காகத் தேதி வேண்டும், உங்கள் போன் நம்பர். எதற்காக என்பதில் உண்மையை எழுதுங்கள்: பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், வாடகை ஒப்பந்தம் முடிகிறது, அவருக்கு வேலை பேசி வைத்திருக்கிறோம். ஒரு பக்கத்துக்குமேல் வேண்டாம். நேரில் கொடுத்து உங்கள் நகலில் முத்திரை வாங்குங்கள், இல்லையென்றால் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள்.

சிறை சொன்ன தேதியும் உங்கள் கணக்கும் வாரக்கணக்கில் மாறினால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று காரணம்: தொடக்கத் தேதி, அபராத மாதங்கள், இல்லை செரெந்தாக் விஷயம். வாரண்டில் கோர்ட்டின் உத்தரவு தப்பாக ஏறியிருந்தால் அதைத் திருத்த வேண்டியது கோர்ட், சிறை இல்லை. வழக்கறிஞரோடு திரும்பக் கோர்ட்டுக்குப் போங்கள். காசில்லையென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் கோலாலம்பூரிலும் இருக்கிறது, பினாங்கிலும் இருக்கிறது.

அதற்கு முன்பே வர முடியுமா?

பரோல் முறை 2008-இல் வந்தது. ஓராண்டோ அதற்குமேலோ தண்டனை பெற்று, அதில் பாதியை முடித்தவர்களுக்குத்தான். சில கடுமையான குற்றங்களைச் சட்டத்தின் அட்டவணையிலேயே விலக்கி வைத்திருக்கிறார்கள். மூன்றாண்டுக்காரர் 18 மாதத்தில் தகுதி பெறுவார், ஆனால் தகுதி வேறு, கிடைப்பது வேறு, பரோல் வாரியம்தான் முடிவு செய்யும். உங்கள் பங்கு இதில் பெரிது. பரோல் அதிகாரி வீட்டைப் பற்றி, அவரை ஏற்றுக்கொள்ளத் தயாரா என்பது பற்றி, வேலை பற்றிக் குடும்பத்திடம் கேட்பார். தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பை அந்த மாதங்களில் எடுங்கள், ஸ்கேமர் என்று கட் செய்துவிடாதீர்கள். வீடு மாறினால் சிறைக்குச் சொல்லுங்கள். வேலை கொடுக்க ஒரு பட்டறைக்காரரோ கடைக்காரரோ தயாராக இருந்தால் அவரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

உரிமத்தின் பேரில் விடுதலை என்று இன்னொன்று உண்டு, பி.பி.எஸ்.எல் என்பார்கள். தண்டனையின் கடைசிப் பகுதியை நிபந்தனைகளோடு வெளியே கழிக்கலாம். அது சிறைத்துறை தேர்ந்தெடுப்பது. அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று அவரே உள்ளே கேட்பதுதான் வேகம். அரச மன்னிப்பு என்றால் கோலாலம்பூர் வழக்குகளுக்கு மாமன்னர், பினாங்கு வழக்குகளுக்கு மாநில ஆளுநர், மன்னிப்பு வாரியம் வழியாக. நீண்ட தண்டனைக்காரர்கள் முயலட்டும், 8 மாதத் தண்டனைக்கு அதை நினைத்துக்கொண்டிருப்பது வீண்.

இந்த இடத்தில்தான் "உள்ளே எனக்கு ஆள் இருக்கு, ஐயாயிரம் கொடுங்க, அடுத்த மாசம் வெளியே" என்று ஒருவர் வருவார். நல்ல தமிழ் பேசுவார், கோயில் கமிட்டியில்கூட இருப்பார். கழிவு சட்டத்தில் இருக்கிறது, பரோல் வாரியத்தின் கையில் இருக்கிறது, இரண்டையும் காசு கொடுத்து முடுக்குவது லஞ்சம், மாட்டினால் கொடுத்தவருக்கும் கேஸ். அந்த ஐயாயிரத்தை அபராதத்தில் கட்டுங்கள், உண்மையிலேயே நாள் குறையும்.

தேதி ஏன் நகர்கிறது

உள்ளே சண்டை, கைப்பேசி, புகையிலை என்று ஒழுங்கு மீறினால் கழிவில் ஒரு பகுதியைப் பறிப்பார்கள். அவர் அதை உங்களிடம் சொல்ல வெட்கப்படலாம். அதனால் சில மாதத்துக்கு ஒருமுறை இ.டி.ஆர் மாறியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருங்கள், தண்டனை ஆரம்பத்தில் கேட்ட தேதியை நம்பிக் கடைசியில் போய் நிற்காதீர்கள். நிலுவையில் வேறு வழக்கு இருந்தால் சிறை வாசலிலேயே போலீஸ் காத்திருந்து திரும்பவும் பிடித்துக்கொண்டு போகும். விடுதலைக்கு ஒரு மாதம் முன்பே வழக்கறிஞரைக் கொண்டு இதை விசாரியுங்கள்.

கணவர் இந்தியக் குடியுரிமை, இங்கே வேலைக்கு வந்தவர் என்றால் சிறைத் தேதி வீட்டுத் தேதி இல்லை. தண்டனை முடிந்ததும் குடிநுழைவுத் துறையிடம் ஒப்படைப்பார்கள், செமினி, புக்கிட் ஜாலில், பினாங்குப் பக்கம் என்றால் ஜூரு மாதிரியான முகாமில் வைத்து நாடு கடத்துவார்கள். பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தால் அங்கே காத்திருப்பு இழுக்கும். எனவே தண்டனை முடியச் சில மாதம் இருக்கும்போதே கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அவசரப் பயண ஆவணம் பற்றிக் கேளுங்கள், விமானச் சீட்டுக் காசையும் ஒதுக்கி வையுங்கள்.

வரக்கூடாது என்று நினைப்பவர்களுக்கு

இதைக் கேட்டு வருகிற எல்லாப் பெண்களும் அவர் வரவேண்டும் என்று கேட்பதில்லை. அடித்தவர், கழுத்தை நெரித்தவர், "வந்து பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர் எப்போது வருவார் என்று பயந்துபோய்க் கேட்கிறவர்கள் உண்டு. நீங்கள் அப்படி என்றால் எல்.டி.ஆர் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு இ.டி.ஆரை மட்டும் வையுங்கள், பரோல் தகுதித் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பரோல் அதிகாரி கேட்டால் பயத்தை மறைக்காமல் சொல்லுங்கள், மாமனார் மாமியார் என்ன நினைப்பார்கள் என்பதெல்லாம் அப்புறம். பழைய பாதுகாப்பு உத்தரவு விசாரணை முடிந்ததும் காலாவதியாகியிருக்கலாம், அது இன்னும் செல்லுமா என்று முன்கூட்டியே பாருங்கள். அவசரத்துக்குச் சமூகநலத் துறை 7 நாள் அவசரப் பாதுகாப்பு உத்தரவு தர முடியும். அரசின் உதவி அழைப்பு எண்ணான தாலியான் காசே 15999-இல் எப்போதும் எடுப்பார்கள். பினாங்கில் டபிள்யூ.சி.சி, கிள்ளான் பள்ளத்தாக்கில் டபிள்யூ.ஏ.ஓ என்ற பெண்கள் உதவி அமைப்புகள், இரண்டும் இந்த வேலையை நன்றாகத் தெரிந்தவர்கள்.

கடைசி வாரங்கள்

தேதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சிறைக்குப் போன் செய்து நாள், நேரம், எந்த வாசல் என்று கேளுங்கள். தேதி ஞாயிறிலோ பொதுவிடுமுறையிலோ விழுந்தால் எந்த நாள் விடுவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். உடுத்திப்போன துணி வருஷக்கணக்கில் மூட்டையில் கிடந்து அளவும் மாறியிருக்கும், ஒரு சட்டை, கால்சட்டை, செருப்பு எடுத்துப் போங்கள். வெளியே வந்ததும் அவர் கையில் இருக்கும் விடுதலைத் தாளை வாங்கிப் படம் எடுத்து வையுங்கள், வேலைக்கும் வங்கிக்கும் ஐ.சி புதுப்பிக்கவும் அது தேவைப்படும். போதைப்பொருள் வழக்கு என்றால் ஏ.ஏ.டி.கே-யிடம் எந்தத் தேதிக்குள், எந்த அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும் என்று அந்த வாசலிலேயே கேட்டுவிடுங்கள், தவறினால் அது தனிக் குற்றம்.